இடுபணியில் எழுத்துத் திருட்டு: சந்தேகம் வந்த நாளிலிருந்து கோப்பை மூடும் நாள் வரை

தவணையின் கடைசி வாரங்களில் கோலாலம்பூரில் விரிவுரையாளராக இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மேசையில் அறுபது இடுபணிகள் கிடக்கும். இருபதாவதையோ முப்பதாவதையோ வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பத்தி மட்டும் தனியாக நிற்கும். அதுவரை தட்டுத்தடுமாறி வந்த தமிழ் அந்தப் பத்தியில் மட்டும் சரளமாக ஓடும். அடுத்த பத்தியில் மறுபடியும் ஒற்றுப்பிழை, ஒருமை பன்மைக் குழப்பம். "இது இந்தப் பிள்ளை எழுதியதில்லையே" என்று மனம் சொல்லிவிடும்.

அதற்கடுத்து என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. பல்கலைக்கழகத்திலோ தனியார் கல்லூரியிலோ புதிதாகக் கற்பிக்கத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மாணவர்களும் வாசிக்கலாம், மறைக்க எதுவும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவல் பத்தியைக் கண்டுபிடிப்பது எளிது. அது எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று கண்டறிவதுதான் நம் வேலை. மேற்கோள் காட்டத் தெரியாமல் வந்திருக்கலாம், மொழிபெயர்த்தால் தன்னுடையதாகிவிடும் என்ற நம்பிக்கையில் வந்திருக்கலாம், கடைசி இரவின் பயத்தில் வந்திருக்கலாம், காசு கொடுத்தும் வாங்கியிருக்கலாம். நான்குக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் மூன்று பேருக்கு அநியாயம் செய்துவிடுவோம்.

தவணை தொடங்கும் முன்: விதியை வாசியுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரச்சினை வந்த பிறகு விதிப்புத்தகத்தைத் தேடினால் கோபத்தோடு வாசிப்போம். கோபத்தோடு வாசிக்கும்போது நமக்குச் சாதகமான வரி மட்டும்தான் கண்ணில் படும்.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மாணவர் ஒழுங்கு விதிகள் ஒவ்வொன்றுக்கும் தனியாக உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் 1999ஆம் ஆண்டு மாணவர் ஒழுங்கு விதிகளில் எழுத்துத் திருட்டுக்கென்றே தனி விதி இருக்கிறது. பிறருடைய கருத்து, எழுத்து, தரவு, கண்டுபிடிப்பு ஆகிய எல்லாமே அதில் அடங்கும். நம் மாணவர்கள் அறியாத இரண்டு செய்திகளும் அதில் உண்டு. பிறர் எழுத்தை மொழிபெயர்த்துத் தன்னுடையது என்று கொடுப்பதும் திருட்டு. எழுத்தில் எந்தப் பங்கும் இல்லாமல் இணை ஆசிரியராகப் பெயர் சேர்த்துக்கொள்வதும் திருட்டு. குழு இடுபணியில் ஒரு பிள்ளை எழுத, நால்வர் பெயர் போடுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோமே, அதைத்தான் இரண்டாவது குறிக்கிறது.

தனியார் நிறுவனங்களுக்கு 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் பொருந்தும். நடைமுறை அந்தந்தக் கல்லூரியின் மாணவர் கையேட்டில் இருக்கும். நம்மில் பலர் காலையில் பெட்டாலிங் ஜெயாவிலும் மாலையில் செராஸிலுமாக இரண்டு இடத்தில் கற்பிக்கிறோம். ஓர் இடத்து வழக்கத்தை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

வாசிக்கும்போது மூன்று கேள்விக்குப் பதில் தேடிக் குறித்து வையுங்கள். விரிவுரையாளர் தானாகவே முடிவெடுக்கும் எல்லை எது? எந்தக் கட்டத்தில், யாரிடம் புகாரை ஒப்படைக்க வேண்டும்? மாணவர் பதில் சொல்லவும் மேல்முறையீடு செய்யவும் எத்தனை நாள் அவகாசம்? பெரும்பாலான இடங்களில் தண்டிக்கும் அதிகாரம் நம்மிடம் இருக்காது, ஒழுங்கு விசாரணைக் குழுவிடம்தான் இருக்கும். அது நமக்கும் ஒரு பாதுகாப்பு.

முதல் இரண்டு வாரம்: கற்றுக்கொடுங்கள்

நம் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் வரை மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து, வரி மாறாமல் எழுதியபோதெல்லாம் பாராட்டுப் பெற்றவர்கள். அழகான தொடரைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து அடுத்த கட்டுரையில் பயன்படுத்துவது அங்கே நல்ல பழக்கம். பள்ளிக்கு அது சரிதான், மொழி அப்படித்தான் வளரும். ஆனால் அதே செயல் பல்கலைக்கழகத்தில் குற்றமாகிவிடுகிறது. அந்த மாற்றத்தை அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. பாடத்திட்டக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டால் சொன்னதாகிவிடாது.

நான் வகுப்பில் மூன்று பயிற்சிகள் செய்கிறேன்.

முதலாவது, எதற்கு மேற்கோள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது. பத்துமலையை எடுத்துக்கொள்வேன். மேலே போக 272 படிகள், முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், அது 2006இல் திறக்கப்பட்டது. இவை பொதுத் தகவல்கள், மேற்கோள் தேவையில்லை. "பத்துமலைத் தைப்பூசம் மலேசியத் தமிழரின் அடையாளத்தைப் பொதுவெளியில் நிலைநாட்டும் நிகழ்வு" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது அவருடைய வாதம். அதை எடுத்தால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னும் பத்து வாக்கியங்களைப் பலகையில் எழுதி, வேண்டும் வேண்டாம் என்று கை தூக்கச் சொல்வேன். ஒரு மணி நேரத்தில் வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, சொல்லை மாற்றினால் போதாது என்பது. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வகுப்புக்காக நானே எழுதிக்கொண்ட வாக்கியம் இது: "ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தோட்டத் தமிழர்கள் வேலையை மட்டுமல்லாமல், குடியிருந்த வீட்டையும் கோயிலையும் பள்ளியையும் சேர்த்தே இழந்தார்கள்." இதைச் சொந்த நடையில் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் இப்படிக் கொடுப்பார்கள்: "ரப்பர்த் தோட்டங்கள் பிரிக்கப்பட்ட சமயத்தில் தோட்டத் தமிழ் மக்கள் தொழிலை மாத்திரமின்றி, வசித்த இல்லத்தையும் ஆலயத்தையும் பாடசாலையையும் ஒருசேர இழந்தனர்."

வேலைக்குத் தொழில், வீட்டுக்கு இல்லம், கோயிலுக்கு ஆலயம். எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது. தமிழில் ஒத்தசொல் நிறைய இருப்பதால் இது நம் மாணவர்களுக்கு மிக எளிதாக வருகிறது. இதைத் திருட்டு என்று அவர்கள் நினைப்பதே இல்லை, உழைப்பு என்றுதான் நினைக்கிறார்கள்.

சரி, எப்படி எழுதலாம்? மூலத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு வாயால் விளக்குங்கள். விளக்கியதை எழுதுங்கள். அப்போது இப்படி வரும்: "தோட்டத் துண்டாடலை வருமான இழப்பாக மட்டும் பார்க்கக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். வாழிடம், வழிபாடு, கல்வி எல்லாம் ஒரே எல்லைக்குள் இருந்ததால் ஒன்று போனபோது எல்லாமே போயின என்பது அவர் வாதம். என் பாட்டி வளர்ந்த தோட்டத்தில் கோயில் மட்டும் இன்னும் நிற்கிறது. அதை இந்த வாதத்தோடு எப்படிப் பொருத்துவது?" மூலம் எது, மாணவர் எங்கே பேசத் தொடங்குகிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் சேர்த்துவிட்டால் முடிந்தது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. மலாய் ஆய்விதழில் வாசித்ததைத் தமிழில் எழுதுவதும், தமிழ்நாட்டுக் கட்டுரையை ஆங்கில இடுபணிக்கு மாற்றுவதும் மும்மொழியில் வாழும் நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அது ஒரு திறமை என்று முதலில் மனமாரச் சொல்லுங்கள். பிறகு தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். மரபியலில் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கும்போது, மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளில் ஒன்றாகத்தான் வைக்கிறார் தொல்காப்பியர். மொழிபெயர்ப்புக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது முதல்நூல் ஆகாது. தொல்காப்பியரே தமக்கு முன்னிருந்தோர் சொன்னதைச் சொல்லும் இடங்களில் "என்மனார் புலவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். மேற்கோள் காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவனின் முகம் இந்த இடத்தில் மாறுவதை ஒவ்வொரு தவணையும் பார்க்கிறேன்.

கேள்வியை மாற்றுங்கள்

"தைப்பூசத்தின் சிறப்புகளை விளக்குக" என்று கேட்டால் இணையத்தில் இருப்பதுதான் திரும்பி வரும். "இந்த ஆண்டு பத்துமலைக்கோ பினாங்கு தண்ணீர்மலைக்கோ காவடி எடுத்த ஒருவரிடம் பேசுங்கள், அவர் சொன்னதில் எது உங்கள் பாடநூல் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கான விடை எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் பெயர்ப்பலகைகளின் தமிழ், செந்தூலில் பழைய தலைமுறை பேசும் தமிழ் என்று நம்மைச் சுற்றியே ஏராளமான பொருள் கிடக்கிறது.

இடுபணியைத் துண்டு துண்டாகவும் வாங்குங்கள். நான்காம் வாரம் தலைப்பு, ஆறாம் வாரம் வாசித்த நூல்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிக் குறிப்பும், ஒன்பதாம் வாரம் வரைவு. கடைசி இரவின் பயத்தில் நடக்கும் திருட்டு இதில் கணிசமாகக் குறைந்துவிடும். வேலை கூடுமே என்று கேட்பீர்கள், கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு விசாரணைக் கோப்பைத் தயாரிக்க எத்தனை மணி நேரம் போகும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் இந்த வேலையை மனமுவந்து செய்வார்கள்.

சந்தேகம் வரும்போது எதைப் பார்ப்பது?

நடை மாற்றம்தான் முதல் அறிகுறி. மலேசியத் தமிழ் மாணவர்களிடம் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு, அது வட்டாரச் சொல். இங்கே படித்த பிள்ளை "இடைநிலைப்பள்ளி" என்றுதான் எழுதும். கட்டுரையின் நடுவில் திடீரென்று "மேல்நிலைப்பள்ளி" வந்தாலோ, ரிங்கிட்டில் பேசிக்கொண்டிருந்த கட்டுரை ரூபாய்க்குத் தாவினாலோ, அந்தப் பகுதி தமிழ்நாட்டுத் தளம் ஒன்றிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து துணைநூல் பட்டியல். கட்டுரைக்குள் வரும் பெயர் பட்டியலில் இல்லை, பட்டியலில் உள்ள நூல் கட்டுரைக்குள் எங்கும் வரவில்லை, அல்லது பட்டியலில் உள்ள நூலே உலகத்தில் இல்லை. மூன்றாவது வகை செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு பெருகியிருக்கிறது.

இவை எல்லாம் அறிகுறிதான், ஆதாரம் இல்லை. தமிழ்நாட்டு உறவினர் வீட்டில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் "மேல்நிலைப்பள்ளி" அவளுக்கு இயல்பான சொல்.

டர்னிட்டின் அறிக்கையை வாசிப்பது எப்படி?

டர்னிட்டின் என்பது மாணவர் கட்டுரையை இணையத்தோடும் பிற கட்டுரைகளோடும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அறிக்கை தரும் கருவி. பலர் இந்த அறிக்கையில் விழுக்காட்டை மட்டும் பார்க்கிறார்கள். 24 விழுக்காடு வரை பச்சை, 25இலிருந்து மஞ்சள், 50இலிருந்து ஆரஞ்சு, 75இலிருந்து சிவப்பு. இந்த நிறங்கள் ஒத்துப்போகும் சொற்களின் அளவைத்தான் காட்டுகின்றன. திருட்டின் அளவு அவற்றில் தெரியாது. திருக்குறளைப் பற்றிய கட்டுரையில் முப்பது குறள்களை மேற்கோள் காட்டினால் மஞ்சள் வரும், அதில் தவறு ஒன்றும் இல்லை. இன்னொரு கட்டுரை 8 விழுக்காடு காட்டும், அந்த எட்டும் ஒரே மூலத்திலிருந்து வந்த முழு முடிவுரையாக இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் கவலை தரும்.

எனவே முதலில் துணைநூல் பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் உள்ளவற்றையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். சின்னச்சின்ன ஒற்றுமைகளையும் நீக்கும் வசதி உண்டு. பிறகு மிச்சமிருப்பதில் மிகப் பெரிய தொடர்ச்சியான துண்டு எது, அது எந்த மூலம் என்று பாருங்கள். அந்த மூலத்தையே திறந்து வாசியுங்கள். இரண்டு கட்டுரைகளும் வேறொரு மூன்றாவது நூலை மேற்கோள் காட்டியிருக்கலாம்.

தமிழ்க் கட்டுரைக்கு இன்னொரு கவனமும் வேண்டும். பழைய எழுத்துருவில் அச்சான தமிழ்ப் பிடிஎஃப் கோப்புகளில் எழுத்துகள் சிதைந்து கிடக்கும், அவற்றோடு ஒப்பிடக் கருவியால் முடியாது. ஒற்று விட்டு எழுதினாலும், சேர்த்து எழுதியதைப் பிரித்து எழுதினாலும் பொருத்தம் நழுவும். மலாயிலிருந்து மொழிபெயர்த்தது பெரும்பாலும் சிக்காது. ஆகவே தமிழில் 3 விழுக்காடு என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் காதையே நம்புங்கள்.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் கட்டுரைக்கு 96 விழுக்காடு வந்தது. நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பின் வாட்சப் குழுவில், பெயர் சொல்லாமல் என்றாலும் யாரென்று எல்லாருக்கும் புரியும்படி, கடுமையாக எழுதிவிட்டேன். மறுநாள் அவள் அறைக்கு வந்து, வேறொரு இணைப்பில் தானே ஒரு வாரம் முன்பு ஏற்றியிருந்த வரைவைக் காட்டினாள். கருவி அந்த வரைவைச் சேமித்து வைத்து, அவள் கட்டுரையை அவள் கட்டுரையோடே ஒப்பிட்டிருக்கிறது. வகுப்பு முழுவதன் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அதன்பின் அவள் முன்வரிசையில் உட்காரவே இல்லை. அந்த மன்னிப்பு போதவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வரைவு ஏற்றும் இணைப்பை அமைக்கும்போது, கட்டுரையைச் சேமிப்பகத்தில் வைக்க வேண்டாம் என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஆதாரத்தைத் திரட்டுங்கள்

மாணவரை அழைக்கும் முன் இதைச் செய்து முடிக்க வேண்டும். இரண்டு நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் மாணவரின் வரிகள், வலப்பக்கம் மூலத்தின் வரிகள், பக்க எண்ணோடு. இணையப் பக்கமாக இருந்தால் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், நாளை அந்தப் பக்கம் காணாமல் போகலாம். அதே மாணவர் வகுப்பில் கையால் எழுதிய ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள். மூலம் கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். சந்தேகத்தை ஆதாரம் போல எழுத வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் சக விரிவுரையாளர்களிடம் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். நம் சமூகம் சின்னது. சிற்றுண்டிச் சாலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளையின் அத்தை காதுக்குப் போய்விடும்.

அழைத்துப் பேசுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது. கதவைப் பாதி திறந்து வையுங்கள், முடிந்தால் இன்னொரு விரிவுரையாளரைச் சாட்சியாக உட்கார வையுங்கள். "ஏன் திருடினாய்?" என்று தொடங்கினால் அழுகையோ பொய்யோதான் பதிலாக வரும். நான் இப்படித் தொடங்குவேன்:

"உட்காருங்கம்மா. இந்த இரண்டாவது பத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசணும். இதை எப்படி எழுதுனீங்க? முதல்ல எதை வாசிச்சீங்க?"

அப்புறம் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும். ஒருமுறை எனக்குக் கிடைத்த பதில் இது:

"சார், மலாய்ல ஒரு ஜர்னல் படிச்சேன் சார். அதைத் தமிழ்ல மாத்திப் போட்டேன். காப்பி இல்ல சார், ஒவ்வொரு வரியும் நானேதான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்."

அவள் மறைக்கவில்லை, பெருமையாகச் சொல்கிறாள். இரண்டு இரவு உழைத்திருக்கிறாள். விதிப்படி அது திருட்டுதான், ஆனால் அவள் ஏமாற்றவில்லை. இந்த வேறுபாட்டை எந்தக் கருவியும் எனக்குக் காட்டியிருக்காது.

எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களைக் கேளுங்கள். இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த நூலை எங்கே எடுத்தீர்கள், நூலகத்திலா, இணையத்திலா? எதை எழுதி அழித்தீர்கள்? கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று நாளாக வளர்ந்த கட்டுரையும் ஒரே நொடியில் ஒட்டப்பட்ட கட்டுரையும் அதில் தெளிவாகத் தெரியும். காட்ட முடியாததையே குற்றமாக்கிவிடாதீர்கள். நண்பனின் மடிக்கணினியை இரவல் வாங்கி எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பேசி முடிந்ததும் என்ன பேசினோம் என்று ஐந்தாறு வரியில் மின்னஞ்சலாக எழுதி மாணவருக்கே அனுப்புங்கள். "நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் மூன்று நாளுக்குள் சொல்லுங்கள்" என்று சேருங்கள். பெற்றோரை அழைக்கும் ஆசை வரும். அழைக்காதீர்கள். 18 வயது நிறைந்தவர் இந்த நாட்டில் சட்டப்படி வயதுவந்தவர். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

எந்தப் பக்கம் சேர்ப்பது?

முதலாண்டு, முதல் தடவை, மூலத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் மேற்கோள் குறி இல்லை. இதை நான் எழுத்துப் பயிற்சியின் குறையாகப் பார்க்கிறேன். உங்கள் விதி அனுமதித்தால் திருத்தி எழுதச் சொல்லுங்கள், புள்ளி மதிப்பீட்டில் மேற்கோளுக்கு உரிய பங்கை மட்டும் குறையுங்கள். சொல் மாற்றி எழுதியதும் மொழிபெயர்த்ததும் நடுவில் வரும். வகுப்பில் கற்றுக்கொடுத்த பிறகும் நடந்தால் எழுத்துபூர்வமான எச்சரிக்கையும் பதிவும் வேண்டும்.

மூலத்தின் பெயரையே மறைத்தது, இன்னொரு மாணவரின் இடுபணியைப் பெயர் மாற்றிக் கொடுத்தது, நேர்காணல் தரவைக் கற்பனை செய்தது, இறுதியாண்டு ஆய்வேட்டில் செய்தது. இவற்றை நீங்களே தீர்க்க முயல வேண்டாம், குழுவுக்கு அனுப்புங்கள். பாவம் என்று மறைப்பதும் தவறு. அன்று இரவெல்லாம் விழித்துத் தானே எழுதிய பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

புகார் சொல்லாமல், விளக்கம் கேட்காமல், சத்தமில்லாமல் புள்ளியைக் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மாணவருக்கு என்ன தவறு என்று தெரியாது, மேல்முறையீடு செய்யவும் வழியில்லை, அடுத்த தவணையிலும் அதையே செய்வார்.

காசுக்கு எழுதியதும் கருவி எழுதியதும்

"இடுபணி செய்து தரப்படும்" என்ற விளம்பரம் டெலிகிராமிலும் வாட்சப்பிலும் சுற்றுகிறது. இப்படி வாங்கிய கட்டுரை புதிதாக எழுதப்பட்டதால் ஒப்பீட்டுக் கருவியில் சுத்தமாக வரும். வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் வழி. பத்து நிமிடம், மூன்று கேள்வி, எல்லா மாணவருக்கும் பொதுவாக. சந்தேகப்பட்டவரை மட்டும் அழைக்காதீர்கள். இன்னொன்றையும் வகுப்பில் சொல்லி வையுங்கள்: காசு வாங்கி எழுதிக் கொடுத்தவர்களே பிறகு "உன் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறித்தது வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. அப்படிச் சிக்கிய மாணவர் உங்களிடம் வந்தால் முதலில் அவரைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுவாருங்கள், விசாரணை அடுத்தது.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏ 2023இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஓர் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. அது தடை போடச் சொல்லவில்லை, பொறுப்போடு பயன்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் பாடத்தில் எது அனுமதி, எது இல்லை என்பதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒற்றுப்பிழை திருத்தலாமா? தலைப்பு யோசிக்கக் கேட்கலாமா? மலாய்க் கட்டுரையை மொழிபெயர்க்கச் சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று ஒரே பக்கத்தில். "அளவோடு பயன்படுத்துக" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

கண்டறியும் கருவியை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை "இயந்திரம் எழுதியது" என்று சொல்லிவிட்டன. எளிய சொல், எளிய வாக்கியம் இருந்தாலே அவற்றுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்து, மூன்றாவது மொழியாக ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகள்தான் இதில் முதலில் அடிபடுவார்கள். இல்லாத நூலைப் பட்டியலில் போட்டிருந்தால் அது வலுவான ஆதாரம். நூலகத்தில் தேடுங்கள், இல்லை என்பதை எழுதி வையுங்கள், மாணவரிடம் கேளுங்கள்.

குழுவுக்கு அனுப்பும்போது

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பாடம், இடுபணி, கொடுத்த தேதி. மாணவருக்கு முன்னதாக என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது, எந்த வாரத்தில். ஒப்பீட்டு அட்டவணை. உரையாடலின் சுருக்கம், அதற்கு மாணவர் அனுப்பிய பதில். அவ்வளவுதான். "நேர்மையற்ற மாணவர்", "எப்போதும் இப்படித்தான்" போன்ற சொற்கள் வேண்டாம். தண்டனையைப் பரிந்துரைக்கச் சொன்னால் தவிர, நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

மாணவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லுங்கள்: குற்றச்சாட்டை எழுத்தில் பெறலாம், ஆதாரத்தைப் பார்க்கலாம், பதில் சொல்லலாம், மேல்முறையீடு செய்யலாம். பலருக்கு மலாயில் வரும் அதிகாரபூர்வக் கடிதத்தைப் பார்த்தாலே கை நடுங்கும். அதில் என்ன இருக்கிறது என்று விளக்க ஒருவர் வேண்டும். புகார் கொடுத்தவரான நீங்கள் விளக்குவது முறையாகாது. மாணவர் நல அலுவலகத்திலோ வேறு விரிவுரையாளரிடமோ அனுப்பி வையுங்கள். ஒரு தவணை நிறுத்தி வைக்கப்பட்டால் பிடிபிடிஎன் எனும் அரசு உயர்கல்விக் கடனும் உதவித்தொகையும் என்னாகும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு இதைச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முடிவு வந்த பிறகு

கோப்பை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். அந்த மாணவர் அடுத்த வாரமும் உங்கள் வகுப்பில்தான் உட்காருவார். நண்பர்கள் விலகியிருப்பார்கள், அவரும் கேள்வி கேட்பதை நிறுத்தியிருப்பார். வழக்கம் போல ஒரு கேள்வி கேளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அடுத்த இடுபணியின் முதல் பக்கத்தை வரைவாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். இருபது நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் "என்னுடையது" அல்லது ஆசிரியரின் பெயர் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். மலாய்க் கட்டுரையை மொழிபெயர்த்த அந்த மாணவியோடு நான் இதைச் செய்தேன். பக்கத்தின் மேல்பாதி முழுவதும் பிறர் பெயராகவே இருந்தது. கீழே வர வர "என்னுடையது" கூடிக்கொண்டே போனது. கடைசிப் பத்தியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "சார், இது யாருடையதுன்னு எனக்கே தெரியல" என்றாள். அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனோம்.